அம்பாலா சுழல்மேடை: மேடை தேறும், கூட வரும் சக்கரம் தேறாது

தில்லியில் ஒரு பள்ளிக்கூடத்தில் இயற்பியல் லேப் அசிஸ்டெண்ட் வேலை. பாடம் நடத்துவது மேடம். பாடம் நடக்கும் நேரத்தில் கருவி சொன்ன பேச்சைக் கேட்க வேண்டும் என்பது என் பொறுப்பு. எனவே இது ஸ்பேனர் பிடிக்கிறவன் எழுதும் விமர்சனம். கம்பெனிப் பெயரைக் கேட்காதீர்கள். எங்களுக்கு வந்த அதே மேடையை, அதே பச்சைப் பெயின்ட்டோடு, வேறு ஸ்டிக்கர் ஒட்டி இன்னொரு பள்ளியில் பார்த்தேன். ஸ்டிக்கரை வைத்து ஒன்றும் தெரியாது. உள்ளே இருப்பதைச் சொல்கிறேன்.

பதினோராம் வகுப்பு என்சிஇஆர்டி புத்தகத்தில், இப்போதைய பதிப்பில் ஆறாவது பாடம், சுழற்சி இயக்கம். அதன் கடைசிப் பக்கங்களில் சுழல்நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டி மடக்கும் ஒரு பெண்ணின் படம் இருக்கும். கோண உந்தம், அதாவது சுற்றும் பொருளிடம் இருக்கும் சுழற்சியின் மொத்த அளவு, வெளியிலிருந்து யாரும் திருப்பாதவரை மாறாது என்பதைக் காட்டும் படம். பிள்ளைகள் அதைப் பார்த்துவிட்டு ‘ஐ ஒமேகா ஈக்வல் டு கான்ஸ்டன்ட்’ என்று எழுதிப் பக்கத்தைப் புரட்டிவிடுவார்கள். ஒமேகா என்பது சுற்றும் வேகம். ஐ என்பது நிலைமத் திருப்புத்திறன், கனம் அச்சிலிருந்து தள்ளிப் போகப் போகக் கூடுவது. மேடத்துக்கு அது போதவில்லை. ஒவ்வொரு பிள்ளையும் ஒரு தடவையாவது ஏறி நின்று சுற்ற வேண்டும் என்றார். அதற்காக வாங்கியதுதான் இந்த செட்: நிற்பதற்கு ஒரு சுழல்மேடை, கைப்பிடி வைத்த சைக்கிள் சக்கரம், இரண்டு கிலோ டம்பெல் ஒரு ஜோடி. லாரி வாடகையும் சேர்த்துப் பத்தாயிரத்தைத் தாண்டியது. இதில் பாதிக்கு மேல் மேடையின் விலை.

விஞ்ஞானக் கருவி என்றால் வடக்கே அம்பாலாதான். தில்லியிலிருந்து ஏறத்தாழ 200 கிலோமீட்டர். பியூரெட்டிலிருந்து மைக்ராஸ்கோப் வரை எல்லாம் அங்கிருந்து வருகிறது. நல்லதும் வரும், பெயருக்குச் செய்ததும் வரும். மரப்பெட்டியை உடைத்ததும் நான் பார்த்தது மேடையின் தட்டை. 40 செ.மீ. விட்டம், கனமான இரும்புத் தகடு, மேலே கோடு போட்ட ரப்பர் ஷீட். ரப்பரை விளிம்பு வரை பசை போட்டு ஒட்டியிருந்தார்கள். நகத்தை விட்டு நெம்பினால் தூக்கவில்லை. அடியில் மூன்று கால், மூன்றிலும் மட்டம் பார்க்கத் திருகு. நூறு கிலோ தாங்கும் என்று எழுதியிருக்கிறது. எங்கள் பி.டி. சார் ஏறிப் பார்த்தார், அசையவில்லை. இதுவரை குறை சொல்ல ஒன்றுமில்லை.

குறை கையால் சுற்றிவிட்டபோது தெரிந்தது. வெறும் தட்டு நன்றாகத்தான் சுற்றியது. கடைக்காரர்களும் இப்படி வெறும் தட்டைச் சுற்றிக் காட்டித்தான் விற்பார்கள். அதை நம்பாதீர்கள். ஐம்பது கிலோ ஆளை ஏற்றி, நான்கு விநாடிக்கு ஒரு சுற்று என்று மெதுவாகத் தள்ளிவிடுங்கள். எங்கள் மேடை இரண்டு மூன்று சுற்றில் நின்றுவிட்டது. கையை மடக்குவதற்குள் பாதி வேகம் போய்விட்டால் அப்புறம் எந்த விதியை நிரூபிப்பது? பிள்ளைகள் என்ன முடிவுக்கு வருவார்கள் என்றால், கோண உந்தம் தானாகக் குறையும் ஒரு பொருள் என்று.

நான்கு போல்ட்டைக் கழற்றித் தட்டைத் தூக்கினேன். உள்ளே இருந்தது 51108 என்ற த்ரஸ்ட் பேரிங். மேலிருந்து கீழே அழுத்தும் பாரத்தைத் தாங்குவதற்கென்றே இருக்கும் வகை. 40 மி.மீ. துளை, 60 மி.மீ. வெளிவிட்டம், 13 மி.மீ. உயரம். அதற்குக் கீழே தண்டு ஆடாமல் பிடிக்க 6204 என்ற சாதாரண குண்டு பேரிங் ஒன்று. இந்த ஜோடிதான் சரி. த்ரஸ்ட் பேரிங் மட்டும் போட்டால் ஆள் ஒரு பக்கம் சாயும்போது தட்டும் சாயும். 6204 மட்டும் போட்டால் நிற்பவரின் முழு பாரமும் அதன்மேல் பக்கவாட்டில் இறங்கிச் சீக்கிரம் கரகரக்கும். ஆக வடிவமைத்தவருக்கு விஷயம் தெரிந்திருக்கிறது. பூட்டியவர்தான் கிரீஸை அள்ளி அப்பியிருந்தார். குண்டுகளே கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மஞ்சள் கிரீஸ். லாரி அச்சுக்குப் போடுகிற மாதிரி.

மண்ணெண்ணெய் இப்போது கிடைப்பது அரிது, டீசலில் ஊற வைத்துப் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தேன். த்ரஸ்ட் பேரிங் மூன்று துண்டாகப் பிரியும்: மேல் வளையம், கூண்டில் குண்டுகள், கீழ் வளையம். இரண்டு வளையமும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், ஆனால் ஒன்று அல்ல. ஒன்றின் துளை 40, தண்டை இறுக்கிப் பிடிக்கும். மற்றதன் துளை 42, தண்டைத் தொடாமல் நிற்கும். சுற்றுகிற தண்டோடு போக வேண்டியது இறுக்கமானது. இதை மாற்றிப் போட்டால் தண்டு நிற்கிற வளையத்தில் உரசிக்கொண்டே ஓடும். பிரிப்பதற்கு முன்னால் மார்க்கரால் ‘மேல்’ என்று எழுதி வைப்பது நல்லது. துடைத்துக் காய வைத்து, தையல் மெஷின் எண்ணெய் நாலைந்து சொட்டு விட்டுப் பூட்டினேன். அதே ஆள், அதே தள்ளு. இப்போது பத்துச் சுற்றைத் தாண்டியும் ஓடியது.

எண்ணெய் மட்டும் போட்டால் பேரிங் தேயாதா என்று மெக்கானிக் யாராவது கேட்பீர்கள். நாள் பூரா ஓடுகிற மோட்டாருக்கு அந்தக் கவலை நியாயம். வருஷத்தில் சில வாரம், ஒரு பிரியடுக்கு அரை மணி நேரம் மெதுவாகச் சுற்றும் மேடைக்கு அது பொருந்தாது. அதோடு தில்லிக் குளிர் ஒன்று இருக்கிறது. ஜனவரியில் சூடேற்றாத லேபில் கெட்டி கிரீஸ் மெழுகாகிவிடும். எண்ணெய் அப்போதும் ஓடும். பேரிங்கே கெட்டுப்போனால் காஷ்மீரி கேட் மோட்டார் பார்ட்ஸ் கடைகளில் எண்ணைச் சொன்னால் எடுத்துக் கொடுப்பார்கள். அந்த ஒரு காரணத்துக்காகவே, எண் பொறித்த பேரிங் போட்ட மேடையை வாங்குங்கள். சில மலிவு மாடல்களில் சாப்பாட்டு மேஜையில் பாத்திரம் சுற்றுகிற தகர பேரிங்கைப் போட்டுவிடுகிறார்கள். அது சாம்பார் கிண்ணத்துக்குச் சரி.

அடுத்தது மட்டம். நம் பள்ளிக்கூடத் தரைகள் எல்லாம் தண்ணீர் ஊற்றிக் கழுவினால் வாசல் பக்கம் ஓட வேண்டும் என்று வாட்டம் வைத்துப் போட்டவை. கண்ணுக்குத் தெரியாது, மேடைக்குத் தெரியும். ஆள் சரியாக நடு மையத்தில் நிற்பதில்லை, ஒரு விரல் அளவாவது தள்ளித்தான் நிற்பார். தரை சாய்ந்திருந்தால் புவியீர்ப்பு அவரைத் தாழ்ந்த பக்கம் இழுக்கும். ஒரு பாதிச் சுற்றில் வேகம் கூடி, மறுபாதியில் குறையும். கடைசியில் ஒவ்வொரு தடவையும் ஜன்னலைப் பார்த்தே நிற்கும். கொத்தனாரின் ரசமட்டம் ஒன்றைத் தட்டின் மேல் குறுக்கும் நெடுக்குமாக வைத்துத் திருகைச் சரி செய்யுங்கள். பிறகு தட்டின் விளிம்பில் ஒரு சின்ன மணல் மூட்டையை வைத்து விட்டுப்பாருங்கள். எங்கே வைத்தாலும் அங்கேயே கிடந்தால் மட்டம் சரி. தட்டு மெல்லத் திரும்பி மூட்டை ஒரே இடத்துக்குப் போனால் அந்தப் பக்கத்துக் காலை உயர்த்த வேண்டும். செட்டோடு ஒரு சின்னக் குமிழ்மட்டம் கொடுத்திருந்தால் நூறு ரூபாய்கூட ஆகியிருக்காது. கொடுக்கவில்லை.

இவ்வளவும் செய்த பிறகு டம்பெல் சோதனை எப்படி வந்தது என்று சொல்கிறேன். ஒல்லியான ஒரு பெண் ஏறினாள். கையை நீட்டி இரண்டு டம்பெல், நான்கு விநாடிக்கு ஒரு சுற்று. நெஞ்சோடு மடக்கியதும் ஒன்றரை விநாடிக்கு ஒரு சுற்று. மறுபடி நீட்டியதும் பழைய வேகத்துக்குக் கொஞ்சம் கீழே வந்து நின்றது. அந்தக் கொஞ்சம்தான் பேரிங் தின்றது. மடக்கி, நீட்டி, மடக்கி என்று அவள் ஆடியதை ஒரு பையன் செல்போனில் எடுத்தான், பிறகு ஃப்ரேமை நிறுத்தி நிறுத்தி நேரம் பார்த்தார்கள்.

நல்ல கேள்வி இங்கேதான் முளைத்தது. டம்பெல் 80 செ.மீ. தூரத்திலிருந்து 20 செ.மீ.க்கு வந்தது. தூரம் கால் பங்கு. நிலைமத் திருப்புத்திறன் தூரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்றால் பதினாறில் ஒரு பங்காக வேண்டும். வேகம் பதினாறு மடங்கு ஏன் ஆகவில்லை? மேடம் பலகையில் போட்டார். டம்பெல் இரண்டும் சேர்ந்து 2.56 கி.கி. மீட்டர் வர்க்கம், மடக்கினால் 0.16. பதினாறில் ஒன்று சரிதான். ஆனால் அந்தப் பெண்ணின் உடம்பும் கையும் மேடையும் கூடவே சுற்றுகின்றன. அவற்றின் பங்கு கையை மடக்கினால் சற்றுக் குறையுமே தவிர மறைந்துவிடாது. மொத்தம் 4.3இலிருந்து 1.6க்கு வந்திருக்கும் என்று வைத்தால் சுமார் 2.7 மடங்கு. செல்போன் சொன்னதும் அதுதான்.

அதற்கடுத்த கேள்வி கடைசி பெஞ்சிலிருந்து வந்தது. கோண உந்தம் மாறவில்லை, சரி. ஆற்றல்? ஐயும் ஒமேகாவும் எதிரெதிராகப் போகும்போது, சுழற்சி ஆற்றலான பாதி ஐ ஒமேகா ஸ்கொயர் அதே 2.7 மடங்காகிவிடும். இந்தக் கணக்கில் 5 ஜூல் 14 ஜூலாகிறது. யாரும் வெளியிலிருந்து தள்ளவில்லையே, மீதி 9 ஜூல் எங்கிருந்து வந்தது? மேடம் பதில் சொல்லவில்லை, அவனையே ஏறச் சொன்னார். கையை மெதுவாக மடக்கு, கண்ணை மூடிக்கொண்டு. பாதியில், ‘அண்ணா, யாரோ வெளியே இழுக்கிறாங்க’ என்று என்னைப் பார்த்துச் சொன்னான். உள்ளே இழுக்க அவன் தசை வேலை செய்ய வேண்டியிருக்கிறது. அந்த வேலைதான் கூடுதல் ஆற்றல். காலையில் சாப்பிட்ட பராட்டாவின் கணக்கு என்றார் மேடம். புத்தகத்தில் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் இந்த இழுப்பு கைக்குத் தெரியாது. மேடை வாங்கியதற்கு இந்த ஒன்றே போதும் என்பது என் கட்சி.

டம்பெல்லைப் பற்றி ஒரு வார்த்தை. குரோமியம் பூசிய இரும்பு, வழுக்கும். வியர்த்த கையில் சுற்றிக்கொண்டே நழுவினால் மொசைக் தரையும் போச்சு, எதிரே நிற்பவரின் காலும் போச்சு. நான் பழைய ஜீன்ஸ் துணியில் இரட்டைத் தையல் போட்டுப் பை தைத்து, பதர்பூர் நிரப்பினேன். இங்கே கட்டட வேலைக்கு வரும் பருமணலுக்கு அதுதான் பெயர். ஒவ்வொன்றும் இரண்டு கிலோ, தராசில் நிறுத்துக் கட்டியது. செலவு இல்லை என்றே சொல்லலாம். ஆனால் செலவுக்காகச் செய்யவில்லை. டம்பெல்லைக் கொண்டு செய்யவே முடியாத ஒரு சோதனை இந்த மூட்டையில் இருக்கிறது.

கையை நீட்டியபடி சுற்றிக்கொண்டிருக்கும்போது, மடக்காமல், இரண்டு மூட்டையையும் அப்படியே விட்டுவிட வேண்டும். வேகம் என்ன ஆகும்? கேட்டுப்பாருங்கள், வகுப்பில் முக்கால்வாசிப் பேர் ‘கூடும்’ என்பார்கள். எடை குறைந்தது, ஐ குறைந்தது, ஒமேகா கூட வேண்டியதுதானே. விட்டுப் பார்த்தால் ஒன்றும் ஆகாது. அதே நான்கு விநாடி. மூட்டை போகும்போது தன் பங்குக் கோண உந்தத்தையும் கையோடு எடுத்துக்கொண்டு போய்விடுகிறது. நிற்பவரிடம் இருந்தது அவர் பங்கு மட்டும், அது அப்படியே இருக்கிறது. அதற்குப் பிறகு வெறும் கையை மடக்கினால் வேகம் லேசாகத்தான் கூடும். மூட்டை விழும் இடத்தையும் பாருங்கள். நேராக வெளிப்பக்கம் பறக்கும் என்று நினைத்திருப்பார்கள். அது விட்ட இடத்திலிருந்து தொடுகோட்டுத் திசையில், சுற்றும் பக்கமாக, ஒன்றரை முழம் தள்ளி விழும். சாக்பீஸால் தரையில் ஒரு வட்டமும் தொடுகோடும் முன்கூட்டியே வரைந்து வைத்தால் மூட்டை அந்தக் கோட்டை ஒட்டிப் போய் உட்காருவதைப் பார்க்கலாம். இந்தச் சோதனை செட்டின் கையேட்டில் இல்லை. கையேட்டைப் பற்றிச் சொல்வதானால், அது ஒரு பக்கம், அதிலும் பாதி முகவரி.

இனி சக்கரம். இதில்தான் என் கோபம் முழுக்க. அலுமினியம் ரிம், சின்ன டயர், பிளாஸ்டிக் கைப்பிடி. தூக்கிப் பார்த்தால் சுகமாக இருக்கும், லேசாக. லேசாக இருப்பதுதான் கோளாறு. இந்தச் சோதனைக்கு விளிம்பில் கனம் வேண்டும். ஆரக்கம்பிகளில் நாலைந்து தளர்ந்து, தட்டினால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு சுருதியில் பேசியது. சக்கரம் தள்ளாடியது. எல்லாவற்றையும்விட மோசம் கைப்பிடி. அச்சில் வெறுமனே மரை போட்டு ஏற்றியிருக்கிறார்கள், கழலாமல் பூட்டும் லாக்நட் இல்லை. சக்கரத்தைப் புரட்டும்போது ஒரு பக்கக் கைப்பிடி இறுகும், மறுபக்கம் கழலும். சுழலும் சக்கரம் ஒரு பிள்ளையின் கையில் பாதிக் கைப்பிடியோடு நிற்கும் காட்சியை நினைத்துக்கொள்ளுங்கள். நல்ல வேளை, நான் பிடித்துப் பார்த்தபோதே கழன்றது. விற்றவர்களிடம் சொன்னேன். மரியாதையாகப் பேசி, மாற்றுக் கைப்பிடி அனுப்பினார்கள். அதுவும் அதே பிளாஸ்டிக், அதே மரை, அதே லாக்நட் இல்லாமை.

ஜண்டேவாலான் சைக்கிள் மார்க்கெட் எதற்கு இருக்கிறது? புளூ லைன் மெட்ரோவில் இறங்கினால் பக்கம். 20 அங்குல ஸ்டீல் ரிம், குழந்தைகள் சைக்கிளுக்குப் போடுவது, ஆரம் கோத்து, நேர் பார்த்துக் கொடுக்கச் சொன்னேன். ஆரம் இறுக்கும் ஆள் ரிம்மைச் சுழலவிட்டு, பக்கத்தில் சாக்பீஸைத் தொடாமல் பிடித்து, எங்கே தொடுகிறதோ அந்த ஆரத்தை மட்டும் கால் திருகு திருகுவார். அதைப் பார்ப்பதே ஒரு பாடம். டயருக்குள் ட்யூபுக்குப் பதில் கட்டுக்கம்பியைச் சீராகச் சுற்றி நிரப்பினேன். விளிம்பில் மட்டும் இரண்டரை கிலோ. நீளமான அச்சு, இரு பக்கமும் லாக்நட், அதற்கு வெளியே ஸ்கூட்டர் கைப்பிடி ரப்பர். மொத்தச் செலவு செட்டில் வந்த சக்கரத்தின் விலையில் பாதிகூட இல்லை. சுழற்றிவிட, டிரில் மெஷினில் ரப்பர் வட்டு மாட்டி டயரில் மெல்ல ஒட்டினால் விநாடிக்கு ஐந்து சுற்று வந்துவிடும்.

இந்தச் சக்கரத்தோடு மேடையில் ஏறினால்தான் பிள்ளைகள் வாயைப் பிளக்கிறார்கள். ஒருவர் மேடையில் அசையாமல் நிற்கிறார். சுழலும் சக்கரத்தை, அச்சு செங்குத்தாக இருக்கும்படி, நான் அவர் கையில் கொடுக்கிறேன். மேலிருந்து பார்த்தால் சக்கரம் இடஞ்சுழியாகச் சுற்றுகிறது. அவர் அசையவில்லை. இப்போது அச்சைத் தலைகீழாகப் புரட்டுகிறார். சக்கரம் வலஞ்சுழியாகிவிட்டது. ஆள் இடஞ்சுழியாகச் சுற்றத் தொடங்கிவிடுகிறார், எங்கள் மேடையில் ஏறக்குறைய இரண்டு விநாடிக்கு ஒரு சுற்று. சக்கரத்தின் கணக்கில் கூட்டல் கழித்தலாகிவிட்டதால், அவர் பங்குக்கு அதைப்போல இரண்டு மடங்கு வந்து சேர்கிறது. திரும்பப் புரட்டினால் நின்றுவிடுவார். யாரும் தொடவில்லை, தள்ளவில்லை. செட்டில் வந்த அலுமினியச் சக்கரத்தோடு இதே வேலையைச் செய்தால் ஆள் சோம்பேறித்தனமாக முக்கால் சுற்று திரும்பி நிற்பார், ‘சார், தானாத் திரும்பினானா, அவனே திரும்பினானா’ என்று கேள்வி வரும்.

சக்கரத்தைப் படுக்கை அச்சிலிருந்து தொடங்கி நிமிர்த்தினால் இன்னொரு சிக்கல் வரும், கெட்டிக்காரப் பிள்ளைகள் பிடித்துக்கொள்வார்கள். முதலில் அச்சின் வழியே இடம் வலமாக இருந்த கோண உந்தம் எங்கே போனது? மேடை செங்குத்து அச்சில் மட்டும்தான் சுதந்திரமாகச் சுற்றும். மற்றத் திசைகளில் பேரிங்கும் காலும் தரையும் பிடித்துக்கொண்டிருக்கின்றன, அந்தப் பங்கைப் பூமி வாங்கிக்கொள்கிறது. மேடையில் நிற்பவருக்கு அது புரியும், ஏனென்றால் நிமிர்த்தும்போது சக்கரம் அவரை முன்பக்கமோ பின்பக்கமோ சாய்க்கப் பார்க்கும். முதல் தடவை ஏறுபவர்கள் இதை எதிர்பார்க்க மாட்டார்கள். முன்னாடியே சொல்லிவிடுங்கள்.

ஜனவரியில் குடியரசு தின ஒத்திகைக்காக வானில் எம்ஐ-17 ஹெலிகாப்டர்கள் வரிசையாகப் போகும். வாலில் அந்தச் சின்ன விசிறி எதற்கு என்று அப்போது கேட்டால் இந்த வகுப்பு முழுசும் கை தூக்கும்: மேலே பெரிய விசிறி ஒரு பக்கம் சுற்றும்போது உடல் மறுபக்கம் சுற்றாமல் தடுக்கத்தான்.

இந்தப் பாடத்துக்கு மேடம் சொன்ன விண்வெளிக் கதை எனக்கு ரொம்பப் பிடித்தது, பேரிங் கதை என்பதால். செயற்கைக்கோள்கள் வானத்தில் திரும்புவதற்கு உள்ளே வைத்த சக்கரத்தைச் சுழற்றுகின்றன. சக்கரம் ஒரு பக்கம், கோள் மறுபக்கம். இஸ்ரோவுக்கு இந்தச் சக்கரங்களைத் திருவனந்தபுரத்தில் இருக்கும் அதன் நிலைம அமைப்புகள் பிரிவு செய்கிறது. 2009இல் நாசா அனுப்பிய கெப்ளர் தொலைநோக்கியில் நான்கு சக்கரம் இருந்தது, துல்லியமாகக் குறி பார்க்க மூன்று வேண்டும். 2012இல் ஒன்று போனது. 2013 மே மாதம் உராய்வு கூடிக்கொண்டே வந்த இன்னொன்றும் நின்றது. நட்சத்திரங்களை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்த அத்தனை பெரிய கருவி அதோடு தன் முதல் வேலையை விட வேண்டியதாயிற்று. பிறகு சூரிய ஒளியின் அழுத்தத்தையே ஊன்றுகோலாக வைத்து வேறு வேலைக்குத் திருப்பினார்கள். அங்கே போய் கிரீஸைத் துடைக்க ஆளில்லை.

2004 டிசம்பர் 26 நிலநடுக்கம் பூமியின் பாறைகளை இடம் மாற்றியதில் ஒரு நாளின் நீளம் 2.68 மைக்ரோ விநாடி குறைந்திருக்க வேண்டும் என்று நாசா விஞ்ஞானிகள் கணக்கிட்டார்கள். டம்பெல்லை உள்ளே இழுத்ததைப் போன்ற கணக்குதான். இதைச் சொன்னபோது வகுப்பில் நாகப்பட்டினத்துப் பிள்ளை ஒருத்தி இருந்தாள். மேடம் அதற்கு மேல் விரிவாகப் போகவில்லை.

மேடை நல்லதா என்று கண்டுபிடிக்க எனக்குத் தெரிந்த கடுமையான பரீட்சை, பூனைச் சோதனை. தலைகீழாக விழும் பூனை எதையும் பிடிக்காமல் திரும்பிக் காலில் விழுவதை 1894இல் பாரிஸில் மாரே என்பவர் வரிசைப் படங்களாக எடுத்துக் காட்டினார். சுழற்சியே இல்லாமல் தொடங்கி எப்படித் திரும்புகிறது? மேடையில் நாமும் செய்யலாம். அசையாமல் நின்று, கையை நீட்டி இடுப்புக்கு மேலே வலப்பக்கம் திருகுங்கள். காலும் தட்டும் இடப்பக்கம் நிறையத் திரும்பும். இப்போது கையை மடக்கி, திருகலை விடுங்கள். கால் கொஞ்சம்தான் திரும்பி வரும், மேலுடம்பு நிறைய வரும். மொத்தத்தில் ஆள் இடப்பக்கம் ஓர் அளவு திரும்பி நிற்கிறார், சுழற்சி பூஜ்யம். இரண்டு மூன்று தடவை செய்தால் பின்பக்கச் சுவரைப் பார்க்கலாம். எங்கள் வகுப்பில் இது போட்டியாகவே நடந்தது. ஆனால் பேரிங் கெட்டியாக இருந்தால் இதில் ஏமாற்றலாம். ஒரு பக்கம் வெடுக்கென்று, மறுபக்கம் மெதுவாக அசைந்தால் உராய்வைப் பிடித்துக்கொண்டே திரும்பிவிடலாம், அது பூனை வித்தை அல்ல. மெதுவாகச் செய்தும் திரும்ப முடிந்தால்தான் மேடை யோக்கியமானது. எங்களுடையது எண்ணெய் போட்டபின் தேறியது.

பாதுகாப்பு விஷயத்தில் எனக்குத் தயவு தாட்சண்யம் கிடையாது. துப்பட்டா, மஃப்ளர், ஐடி கார்டு கயிறு எல்லாம் கழற்றி மேஜையில் வைத்துவிட்டுத்தான் ஏற வேண்டும், ஆரக்கம்பி எதையும் விட்டுவைக்காது. சுற்றிலும் விளையாட்டு அறை மெத்தை. மேடை நின்ற பிறகும் காதுக்குள் இருக்கும் திரவம் ஓடிக்கொண்டிருக்கும், அறை எதிர்ப்பக்கம் சுற்றும். அந்த நேரத்தில்தான் இறங்கப் பார்த்து விழுவார்கள். நின்றதும் ஒருவர் தோளைப் பிடித்துக்கொண்டு பத்து எண்ணும் வரை விடக் கூடாது. மதியச் சாப்பாட்டுக்கு அடுத்த பிரியடில் வைக்கவே வைக்காதீர்கள், காரணம் சொல்ல வேண்டியதில்லை.

பணம் இல்லாத பள்ளிகள் ஆபீஸ் நாற்காலியில் செய்யலாமா என்றால், டம்பெல் சோதனைக்குச் செய்யலாம், புத்தகமும் அதைத்தான் சொல்கிறது. அடியில் இருக்கும் உருளைகளைக் கழற்றிவிடுங்கள், இல்லையென்றால் நாற்காலி அறை முழுக்கப் பயணம் போகும். சக்கரம் புரட்டும் சோதனைக்குப் பெரும்பாலான நாற்காலிகள் ஆகாது, இருக்கைக்கு அடியில் உராய்வு அதிகம்.

தமிழ்நாட்டிலிருந்து வாசிப்பவர்கள் அம்பாலாவிலிருந்து லாரியில் வரவழைக்க வேண்டுமா என்று யோசியுங்கள். கோயம்புத்தூர் மாதிரி ஊரில் ஒரு லேத் பட்டறையில் இந்த அளவைக் கொடுத்தால் செய்துவிடுவார்கள்: 40 செ.மீ. தட்டு, நடுவில் தண்டு, தண்டின் மேல்பகுதி 40 மி.மீ. 51108க்கு, கீழ்ப்பகுதி 20 மி.மீ.க்குக் கடைந்தது 6204க்கு, மூன்று கால், மூன்று திருகு. தட்டின் அடியில் விளிம்பை ஒட்டிக் கூடுதல் கனம் எதுவும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், பட்டறைக்காரர்கள் உறுதிக்காக வளையம் பற்ற வைக்கப் பார்ப்பார்கள். தட்டின் சொந்த நிலைமத் திருப்புத்திறன் கூடினால் டம்பெல்லின் வித்தியாசம் மழுங்கிப்போகும். வாங்குவதானால் மேடையை மட்டும் வாங்குங்கள், கொட்டேஷனில் பேரிங் எண்ணை எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மறுத்த ஒருவரிடம் நாங்கள் வாங்கவில்லை.